கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம்: நான்கு வழிகள், என் ஓட்டு எதற்கு?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டை ஒருவழியாக முடிந்துவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் தங்களுக்குப் பங்கு கேட்டுப் போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார், ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரத் தொடங்கிவிட்டன, இனி என்ன பேச்சு என்று கேட்கிறார்கள். எனக்கு என்னவோ பேச்சு இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று படுகிறது. கொடுப்பது என்று முடிவான பிறகு யார் கொடுப்பது, எந்தக் கணக்கில் கொடுப்பது, அந்தப் பணத்தோடு என்ன உரிமை சேர்ந்து வரும் என்பதெல்லாம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

வழிகள் நான்கு. பழையபடி ஸ்காலர்ஷிப் மட்டும் கொடுப்பது. கல்லூரி ஒதுங்கிக்கொண்டு வெளியார் விளம்பரப் பணத்தை அனுமதிப்பது. கல்லூரியே தன் விளையாட்டு வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது. அப்புறம் வீரர்களை ஊழியர்களாக ஏற்று, அவர்களுடைய சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவது. நான் நான்காவதுதான் சரி என்கிறேன், ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் இதன் அளவைச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், அது கல்லூரிப் பையன்கள் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்தான்) ஆடுவதற்காகக் கட்டியது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பின் கீழ் சுமார் 1,100 கல்லூரிகளும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களும் இருக்கிறார்கள். ஆண்கள் கூடைப்பந்தின் ‘மார்ச் மேட்னஸ்’ போட்டித் தொடருக்கான ஒளிபரப்பு உரிமையை 2010-இல் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றார்கள், 2016-இல் மேலும் 8 வருடத்தை 880 கோடி டாலருக்கு நீட்டித்தார்கள். ‘பிக் டென்’ கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) மட்டும் 2023-இல் தொடங்கிய ஏழு வருட டிவி ஒப்பந்தத்தில் 700 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறது. இந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் பயிற்சியாளர்களைப் பாருங்கள். ஜார்ஜியாவின் கிர்பி ஸ்மார்ட் வருடத்துக்கு 1.3 கோடி டாலர் வாங்குகிறார். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் தன் ஃபுட்பால் கோச்சை நீக்கியபோது, வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். கோச்சை அனுப்புவதற்கே இவ்வளவு கொடுக்க முடிகிற இடத்தில் ஆடுகிறவனுக்குக் கொடுக்கக் காசில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

சரி, முதல் வழி. ஸ்காலர்ஷிப் மட்டும் போதும் என்கிற வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். சில தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது. பிள்ளையின் அமெரிக்கப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அவர்களிடம் போய் ‘படிப்பு இலவசம் என்பது ஒன்றுமே இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. சென்னையில் டென்னிஸ் பயிற்சி எடுத்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய் 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றுவிட்டுத்தான் முழுநேர ஆட்டக்காரரானார். டென்னிஸ், நீச்சல், தடகளம் போன்றவற்றில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்கு தனிநபர் தங்கம் வாங்கிய பிரெஞ்சு நீச்சல் வீரர் லியோன் மார்ஷான் அரிசோனா ஸ்டேட்டில் வளர்ந்தவர்.

பிரச்சினை ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும்தான். அங்கே கூலியாகச் சொல்லப்படுகிற படிப்பே பல நேரம் கிடைப்பதில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன, கடைசியில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மார்க். 3,100 மாணவர்கள் அவற்றை எடுத்திருந்தார்கள், அதில் பாதிக்குப் பக்கம் விளையாட்டு வீரர்கள். 2014-இல் விசாரணை அறிக்கை வந்தது, 2017-இல் என்சிஏஏ இதற்காகப் பல்கலைக்கழகத்தைத் தண்டிக்கவில்லை. இது ஓரிடத்து ஊழல் என்று சொன்னால், அப்படி ஊழல் இல்லாத நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே ஃபுட்பால் வீரர்கள் ஆகஸ்ட் முகாமில் வாரத்துக்கு 50 முதல் 60 மணி நேரமும், சீசனில் 40 முதல் 50 மணி நேரமும் விளையாட்டுக்கே கொடுக்கிறார்கள் என்று வீரர்கள் சங்கம் அமைக்கக் கேட்டுப் போட்ட வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி 2014-இல் பதிவு செய்தார். மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட குவார்ட்டர்பேக் (களத்தில் அணியின் ஆட்டத்தை நடத்துகிறவர்) கெய்ன் கோல்டர், வேதியியல் வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்ததால் அந்த வகுப்பை எடுக்க முடியவில்லை என்று விசாரணையில் சொன்னார். அதே வருடம் யூகான் கூடைப்பந்து நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுத்திருக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னபிறகுதான் வீரர்களுக்கு அளவில்லாத சாப்பாடு தர என்சிஏஏ அனுமதி கொடுத்தது. அந்தப் பையன் அப்போது நாடு முழுவதும் டிவியில் தெரிந்துகொண்டிருந்தான்!

இந்த வழி சட்டத்தின் முன்னாலும் நிற்கவில்லை. 2021 ஜூன் 21-இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வழக்கு என்னவோ படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான், ஆனாலும் நீதிபதி கவனா தனியாக எழுதிய கருத்தில் என்சிஏஏ சட்டத்துக்கு மேற்பட்டது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதன்பின் பழைய வழியைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை.

இரண்டாவது வழி, வீரர் தன் பெயரையும் முகத்தையும் தானே விற்றுக்கொள்வது. என்ஐஎல் என்று சொல்கிறார்கள். இதற்கு வேர் எட் ஓபானன். 1995-இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர். பல வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டுப் பையன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான், திரையில் யூசிஎல்ஏ சட்டையில் 31-ஆம் எண், இடது கைக்காரர், மொட்டைத் தலை. பெயர் மட்டும் போடவில்லை. கேம் விற்றவனுக்கும் பணம், என்சிஏஏவுக்கும் பணம், ஓபானனுக்கு ஒரு சென்ட்கூட இல்லை. 2009-இல் வழக்குப் போட்டார், 2014-இல் இதே வில்கன் நீதிமன்றத்தில் ஜெயித்தார். கலிஃபோர்னியா 2019-இல் வீரர்களுக்கு இந்த உரிமையைத் தரும் சட்டம் கொண்டுவந்தது, மற்ற மாநிலங்களும் தொடர, 2021 ஜூலை 1 முதல் என்சிஏஏ இறங்கிவந்தது.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, பெண்களுக்குக் கதவு திறந்தது. எல்எஸ்யூவின் ஜிம்னாஸ்ட் ஒலிவியா டன், ஐயோவாவின் கூடைப்பந்து வீராங்கனை கேட்லின் கிளார்க் போன்றவர்கள் டிவி ஒப்பந்தக்காரர் தயவில்லாமல் தங்கள் ரசிகர்களை நம்பியே சம்பாதித்தார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் ‘உங்கள் விளையாட்டில் வருமானம் இல்லை’ என்று சொன்னாலும் இது நிற்காது. ஆகவே என்ஐஎல் உரிமை எல்லா வீரருக்கும் இருக்க வேண்டும், மற்ற எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைப் பறிக்கக் கூடாது.

ஆனால் இதை மட்டுமே சம்பளத்துக்கு மாற்றாக வைத்தபோது நடந்தது வேறு. பணக்கார முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ‘கலெக்டிவ்’ என்று குழு அமைத்து, விளம்பரம் என்ற பெயரில் நேரடியாக ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதையாகக் கல்லூரி தன் டிவி வருமானத்தைத் தொடாமல் நன்கொடையாளர் காசில் அணி கட்டியது. 2024 செப்டம்பரில் யூஎன்எல்வியின் குவார்ட்டர்பேக், அணி ஆடிய மூன்று ஆட்டத்திலும் ஜெயித்திருந்த நிலையில், சொன்ன தொகை வந்து சேரவில்லை என்று பாதிச் சீசனில் விலகிப்போனார். பல்கலைக்கழகம், அவர் தரப்பு கேட்பது என்சிஏஏ விதிக்கும் மாநிலச் சட்டத்துக்கும் எதிரானது என்றது. யார் சொன்னது உண்மை என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. யாரோ வாயால் சொன்னதை நம்பி ஒரு இருபது வயதுக்காரன் தன் கடைசி வருடத்தைப் பணயம் வைக்க வேண்டிய ஏற்பாடு மோசமான ஏற்பாடு.

மூன்றாவது வழிதான் இப்போது அமலில் இருப்பது. ஹவுஸ் சமரசத்தின்படி 2016 முதல் ஆடிய பழைய வீரர்களுக்கு 10 வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் பாக்கி, இனி வரும் வீரர்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26-இல் அதிகபட்சம் 2.05 கோடி டாலர் வரை தரலாம். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைப் பரிசோதிக்க டிலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் நடத்தும் ஒரு ஏற்பாடு. கலெக்டிவ் கூத்தைவிட இது எவ்வளவோ மேல், பணம் கல்லூரியிலிருந்தே வருகிறது, கணக்கில் வருகிறது, அதை மறுக்க மாட்டேன்.

எனக்கு உறுத்துவது அந்த 2.05 கோடி எப்படி வந்தது என்பது. பெரிய கான்ஃபரன்ஸ் கல்லூரிகளின் சராசரி வருமானத்தில் குறிப்பிட்ட சில வகைகளை எடுத்து அதில் 22 சதவீதம் என்று வைத்தார்கள். என்எஃப்எல், என்பிஏ இரண்டிலும் வீரர்களுக்குப் போவது வருமானத்தில் பாதிக்குப் பக்கம். அங்கேயும் உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் அது வீரர் சங்கம் உட்கார்ந்து பேசி, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற வரம்பு. இங்கே வக்கீல்கள் பேசினார்கள், நீதிபதி கையெழுத்துப் போட்டார். இன்று களத்தில் இருப்பவர்களுக்கும் நாளை வரப்போகிறவர்களுக்கும் ஒரு ஓட்டும் இல்லை.

பங்கு பிரிக்கிற விதம் இன்னும் மோசம். பாக்கித் தொகையில் ஏறத்தாழ 75 சதவீதம் ஃபுட்பாலுக்கு, 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்துக்கு, மிச்சம் 5 சதவீதத்தில் மற்ற எல்லோரும். புதிய பணத்தையும் பல பெரிய கல்லூரிகள் இதை ஒட்டியே பிரிக்கின்றன. பார்வையாளர் எண்ணிக்கைப்படிதான் இது என்கிறார்கள். 2024-இல் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், ஆண்கள் இறுதிப் போட்டிக்கு 1 கோடியே 50 லட்சம்கூட வரவில்லை. அப்போது ஆண்கள் போட்டியில் ஜெயித்தால் கல்லூரிக்குப் பணம், பெண்கள் போட்டியில் ஜெயித்தால் ஒன்றும் கிடையாது, அது மாறியது 2025-இல்தான். 2021-இல் சான் ஆன்டோனியோவில் பெண்கள் அணிகளுக்கு உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரே ஒரு டம்பெல் அடுக்கை வைத்திருந்ததை வீடியோ எடுத்துப் போட்டார் சிடோனா பிரின்ஸ், அவரும் இந்த ஹவுஸ் வழக்கில் மனுதாரர். இவ்வளவு காலம் பெண்கள் ஆட்டத்தைச் சரியாக விற்கவே முயற்சி செய்யாமல் இருந்துவிட்டு, விலை போகவில்லை என்று பங்கைக் குறைப்பது நியாயமா? ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் நைன் சட்டம் இந்தப் பணத்துக்குப் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை சொன்னது, ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் வாபஸ் வாங்கிவிட்டது.

ஹவுஸ் சமரசம் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதிலாக அணியின் ஆள் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்ததால், சம்பளமும் கேட்காமல் ஸ்காலர்ஷிப்பும் இல்லாமல் ஆசைக்காக அணியில் இருந்த பல பிள்ளைகள் இடத்தை இழந்தார்கள் என்பதும் இந்த வழியின் கணக்கில் சேரும்.

படிப்பு முடிந்தபின் கொடுக்க ஒரு நிதியில் போட்டுவைப்பது என்று இன்னொரு யோசனை உண்டு. வருடத்துக்கு 5,000 டாலர் வரை அப்படிப் போடலாம் என்று ஓபானன் வழக்கிலேயே வந்தது, மேல்முறையீட்டில் 2015-இல் அடிபட்டுப் போனது. அதை நான் விட்டுவிடுகிறேன்.

நான்காவதுக்கு வருவோம். பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் காயம் பட்டவனை எல்லோரும் மறந்துவிடுகிறோம், நான் இந்த வழியைப் பிடித்துக்கொள்வது அவனுக்காகத்தான். 1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு ஆடிய ரே டென்னிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம், கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, ஆட்டத்தால் அதற்கு ஆதாயமும் இல்லை, எனவே அவர் ஊழியர் இல்லை என்று சொல்லிவிட்டது. 1974-இல் டிசியூ அணிக்கு ஆடியபோது கென்ட் வால்ட்ரெப் கழுத்து முறிந்து செயலிழந்தார். டெக்சஸில் வருடக்கணக்காக வழக்கு நடத்தினார், 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஊழியர் இல்லை என்றது. 1957-இல் சொன்ன காரணம் அன்று ஒரு சின்னக் கல்லூரிக்குப் பொருந்தியிருக்கலாம். 700 கோடி டாலருக்கு டிவி உரிமை விற்கிறவர்கள் தொழில் நடத்தவில்லை என்று இன்று யார் சொல்ல முடியும்?

2024 ஆகஸ்ட் முதல், கல்லூரியை விட்ட பிறகும் விளையாட்டில் பட்ட காயத்துக்கு இரண்டு வருடம் வரை மருத்துவச் செலவுக்கு என்சிஏஏ காப்பீடு இருக்கிறது. நல்லது. ஆனால் முழங்கால் மூட்டும், தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடியும் இரண்டு வருடத்தில் கணக்கை முடித்துக்கொள்வதில்லை. ஹவுஸ் பணத்தில் இதற்கு ஒன்றுமில்லை. ஊழியர் என்றால் இழப்பீட்டுச் சட்டம் தானாக வரும், பயிற்சி நேரத்துக்கு வரம்பு பேசலாம், அடிபட்டவனை மறுபடி களத்தில் இறக்குவதைக் கோச் முடிவு செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். அதே கல்லூரியின் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் மாணவர் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறார், அவர் காலில் அலமாரி விழுந்தால் இழப்பீடு உண்டு. அவரும் மாணவர்தான், படிப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

இதற்கு எதிராகச் சொல்வதில் மூன்று கனமானவை. ஊழியர் என்றால் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி வரலாம், சரியாக ஆடாதவனை வேலையிலிருந்து நீக்கலாம் என்பது ஒன்று. இரண்டையும் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தலாம், அதோடு 1973-இலிருந்து பல காலம் ஸ்காலர்ஷிப்பே வருடாவருடம் புதுப்பிக்கிற சமாச்சாரமாகத்தான் இருந்தது, பிடிக்காத வீரனைக் கழற்றிவிட கோச்சுக்கு எந்தத் தொழிலாளர் சட்டமும் தேவைப்படவில்லை. இரண்டாவது, சின்னக் கல்லூரிகள் தாங்காது என்பது. உண்மை. பெரும்பாலான கல்லூரிகளில் விளையாட்டுத் துறை நஷ்டத்தில்தான் ஓடுகிறது, மாணவர்களின் கட்டணத்திலிருந்து ஈடுகட்டுகிறார்கள். என்சிஏஏவின் கடைசி அடுக்கான டிவிஷன் த்ரீயில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆகவேதான் எல்லோரையும் ஊழியராக்கச் சொல்லவில்லை. பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, டிவி பணம் வருகிற இந்த மூன்றுக்கு மட்டும். 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கூடைப்பந்து அணி 13-2 என்று சங்கத்துக்கு ஓட்டுப் போட்டதை மதிக்கிறேன், ஆனால் நான் கோடு போடுகிற இடம் அது இல்லை. அந்த ஆண்டு முடிவில் அவர்களே மனுவைத் திரும்பப் பெற்றார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை. தேசியத் தொழிலாளர் வாரியத்தின் அதிகாரம் தனியார் நிறுவனங்களுக்குத்தான், ஃபுட்பாலில் கொடிகட்டிப் பறப்பவை அரசுப் பல்கலைக்கழகங்கள். நார்த்வெஸ்டர்ன் வழக்கை 2015-இல் வாரியம் கைகழுவியதும் இதனால்தான், ஒரே கான்ஃபரன்ஸில் மற்ற எல்லாம் அரசுக் கல்லூரியாக இருக்கும்போது இதற்கு மட்டும் விதி போட்டால் குழப்பம் என்றது. வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர்கள் கூட்டாகப் பேரம் பேசி ஒப்பந்தம் போடவே சட்டத்தில் தடை. இதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம், ஆனால் 2025 ஜூலையில் அங்கே வந்த ‘ஸ்கோர்’ மசோதா வீரர்கள் ஊழியர்களே இல்லை என்று எழுதிவைக்கப் பார்க்கிறது. என்சிஏஏவை வழக்குகளிலிருந்து காப்பாற்றவும் அதில் வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே சட்டத்தில் கொடுத்துவிட்டால் வீரர்கள் இத்தனை வருடம் நீதிமன்றத்தில் வென்றதெல்லாம் போய்விடும். என் கவலை அதுதான். 2024 ஜூலையில் மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெச்சூர் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வீரர்களின் கூலி வழக்கைத் தள்ளிவிட முடியாது என்று சொல்லியிருக்கிறது, அந்த வழி திறந்தே இருக்க வேண்டும்.

நான்காவது வழி வருகிறவரை இருப்பது மூன்றாவதுதான். அமெரிக்காவில் நம் வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது இப்படி ஒரு ஒப்பந்தம் நீட்டப்பட்டால் தொகையைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. அடிபட்டு ஆட முடியாமல் போனால் பணம் நிற்குமா, ஸ்காலர்ஷிப் தொடருமா? அணி மாறினால் வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்லும் விதி இருக்கிறதா? மருத்துவச் செலவை எத்தனை வருடத்துக்கு ஏற்பார்கள்? இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், கோச் வாயால் சொன்னது போதாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்களுக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் அந்த விசாவில் வேலை செய்யக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. கென்டக்கியில் ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் ட்ஷீப்வே 2022-இல் அணியோடு பஹாமாஸ் போனபோதுதான், அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருந்த அந்தச் சில நாட்களில், தன் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்கள் கையெழுத்துப் போடுமுன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும், செலவானாலும் பரவாயில்லை, விளையாட்டுத் துறையோடு தொடர்பில்லாத ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒப்பந்தத்தைக் காட்டிவிட வேண்டும்.